கூடையும் மண்வெட்டியும் மீட்ட ஓடை

பஞ்சாப் மாநிலத்திலே ஓர் ஓடை ஓடுகிறது. அதன் பெயரைக் கேட்டால் தமிழ் வாசகர்கள் சற்றுத் திடுக்கிடக்கூடும். 'காலி பேயின்' என்பது அதன் பெயர். பயப்பட வேண்டாம், பேய்க்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பேயின் என்பது அந்தப் பிரதேசத்துச் சிற்றாறுகளுக்கு வழங்கும் பெயர். 'காலி' என்றால் அங்கே வெறுமை என்று பொருள் அல்ல; கறுப்பு என்று பொருள். தண்ணீர் இயற்கையிலேயே சற்றுக் கருமையாகத் தோன்றும் என்பதால் வந்த பெயர் என்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் 'சிட்டி பேயின்', அதாவது வெள்ளை ஓடை, என்று இன்னொன்றும் ஓடுகிறது.

2000-ஆம் ஆண்டில் இந்தக் கறுப்பு ஓடையைப் பார்த்த தமிழர் யாரேனும் இருந்தால், அவருக்கு 'காலி' என்ற சொல்லின் இரண்டு பொருளுமே பொருத்தமாகத் தோன்றியிருக்கும். ஊர்களை ஒட்டிய இடங்களில் சாக்கடை கலந்து கன்னங்கரேலென்று தேங்கிக் கிடந்தது. சில இடங்களில் சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் வறண்டு கிடந்தது. இன்னும் சில இடங்களில் ஓடை எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது. அதன் மடியை உழுது, மேடாக்கி, பயிர் வைத்துவிட்டார்கள்!

அந்த ஓடை பிறகு தெளிந்தது, ஓடவும் ஆரம்பித்தது. சர்க்கார் தீட்டிய திட்டத்தினால் அது ஆரம்பமாகவில்லை. சுற்று வட்டாரத்து ஜனங்கள் தண்ணீரில் இறங்கி, கையால் பாசியையும் செடியையும் பிடுங்கி, கூடையால் சேற்றை வாரிக் கொட்டி ஆரம்பித்த வேலை அது. சாமானியர்கள் சேர்ந்து ஓர் ஓடையைச் சுத்தம் செய்வது எங்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் சுத்தம் செய்த ஓடையைச் சுத்தமாகவே வைத்திருப்பது இருக்கிறதே, அதிலேதான் முக்கால்வாசிப் பேர் தோற்றுப் போகிறார்கள். காலி பேயின் விஷயத்தில் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது பகுதி.

குரு நானக் மூழ்கிய நீர்

பியாஸ் நதிக்கும் சட்லெஜ் நதிக்கும் இடைப்பட்ட பூமிக்கு 'தோவாப்' என்று பெயர். இரு நீர்களுக்கு நடுவே உள்ள நிலம் என்று அதற்கு அர்த்தம். செழிப்பான மண். ஹோஷியார்பூர் ஜில்லாவில் முக்கேரியன் பக்கத்தில் உள்ள தனோவா என்ற கிராமத்தின் அருகில், ஊற்றும் கசிவுமாகச் சேர்ந்து இந்த ஓடை பிறக்கிறது. அங்கிருந்து தெற்கே இறங்கி, கபூர்தலா நகரை ஒட்டிச் சென்று, சுல்தான்பூர் லோதி என்னும் பழைய ஊரைத் தழுவிக்கொண்டு, பியாஸும் சட்லெஜும் கூடுகிற ஹரிக்கே என்ற இடத்தில் போய்ச் சேருகிறது. மொத்த நீளம் 160 கிலோ மீட்டர். பழைய கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 100 மைல்.

சுல்தான்பூர் லோதி என்றால் சீக்கியர்களுக்கு மெய்சிலிர்க்கும். காரணம், குரு நானக் வாலிப வயதில் வாழ்ந்த ஊர் அது. அவருடைய தமக்கை நானகி அம்மையார் அந்த ஊரிலேதான் வாழ்க்கைப்பட்டிருந்தார். தமக்கையின் வீட்டாருடைய முயற்சியினால், தௌலத் கான் லோதி என்ற நவாபின் தானியக் களஞ்சியத்தில் குரு நானக்குக் கணக்கு வேலை கிடைத்தது. நாள்தோறும் வைகறையில் இந்த ஓடையில் நீராடிவிட்டு அவர் வேலைக்குப் போவாராம். ஒரு நாள் நீரில் இறங்கியவர் கரையேறவில்லை. ஊரே தேடியது. மூழ்கிப் போனார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் அவர் கரையில் தோன்றினார். இந்து என்றும் முஸ்லிம் என்றும் மனிதனைப் பிரிக்கும் வேலி அவருடைய கண்ணுக்கு அப்போது மறைந்து போயிருந்தது என்று வரலாறு சொல்கிறது. 1499-ஆம் ஆண்டு நடந்தது என்பது வழக்கு. அதன் பிறகே வேலையை உதறிவிட்டுத் தேச சஞ்சாரம் புறப்பட்டார்.

அவர் நீராடிய துறையில் ஒரு இலந்தை மரமும், அதன் பெயராலேயே 'பேர் சாகிப்' என்று வழங்கும் குருத்வாராவும் இருக்கின்றன. (பேர் என்றால் பஞ்சாபியில் இலந்தை.) ஞானம் பிறந்த நீர் என்று யாத்திரிகர்கள் தேசமெங்கும் இருந்து வருகிறார்கள். வந்தவர்கள் 2000-ஆம் ஆண்டு வாக்கில் கண்டதோ, மூக்கைப் பிடித்துக்கொண்டு விலக வேண்டிய ஒரு சாக்கடை. 6 நகரங்களும் 40-க்கு மேற்பட்ட கிராமங்களும் தங்கள் கழிவு முழுவதையும் அதிலே கொண்டுவந்து விட்டிருந்தன. குருவின் பெயரைச் சொல்லித் தீர்த்தம் எடுப்பதும், பக்கத்து மதகின் வழியே கழிவைத் திறந்து விடுவதும் ஒரே ஜனங்கள்தாம். இதிலே பஞ்சாபியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஓடை எப்படிச் செத்தது?

ஓர் ஓடை ஒரே நாளில் சாவதில்லை. முதலில் அதன் தலைமாட்டில் தண்ணீர் குறைந்தது. பசுமைப் புரட்சி வந்த பின் பஞ்சாபில் கோதுமையோடு நெல்லும் பெருவாரியாகப் பயிராயிற்று. வயலுக்கு வயல் குழாய்க் கிணறு இறங்கியது. நிலத்தடி நீர் கீழே போகப் போக, கசிவை நம்பி வாழ்ந்த ஓடைக்குப் பால் வற்றிப் போயிற்று. தண்ணீர் குறைந்த இடத்தில் கரையோர நிலக்காரர்கள் ஓர் அடி, இரண்டு அடி என்று உள்ளே நகர்ந்தார்கள். போக்கு அடைபட்ட மேல்பகுதியில் சில கிராமங்களில் மழை நீர் வடிய வழியில்லாமல் வயல்கள் சதுப்பாயின. ஒரே ஓடையால் ஓரிடத்தில் வறட்சி, ஓரிடத்தில் வெள்ளக்காடு!

பிறகு வந்தது ஆகாயத் தாமரை. ஊதா நிறத்தில் கொள்ளை அழகாகப் பூக்கும் இந்தச் செடி, தென் அமெரிக்காவிலிருந்து உலகமெங்கும் பரவியது. தேங்கிய நீரும் அதிலே சாக்கடை உரமும் கிடைத்துவிட்டால் அதற்கு விருந்து வைத்த மாதிரி. சாதகமான சூழ்நிலையில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். தண்ணீரின் முகத்தை முழுவதும் பாய் விரித்தாற்போல் மூடி, வெளிச்சம் உள்ளே போகாமல் தடுத்துவிடும். கீழே அழுகுகிற கழிவு, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்ளும். மேலே பச்சைக் கம்பளம், கீழே மீன்கூடப் பிழைக்க முடியாத கருங்குழம்பு.

சீச்சேவால் என்ற ஊர், சீச்சேவால் என்ற மனிதர்

2000-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜலந்தரில் ஒரு கூட்டம் நடந்தது. காலி பேயினின் கதியைப் பற்றிப் படித்தவர்களும் பெரியவர்களும் கூடி வருத்தப்பட்டார்கள். கூட்டங்களின் சுபாவம் நமக்குத் தெரியும். வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றினால் அநேகமாகக் கதை முடிந்துவிடும். அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு துறவி, வருத்தப்படுவதோடு நிறுத்திக் கொள்ளவில்லை. சில நாளைக்குள் தமது சீடர்களைக் கூட்டிக்கொண்டு சுல்தான்பூர் லோதிக்குப் போய் ஓடைக்குள் இறங்கிவிட்டார்.

அவர் பெயர் பல்பீர் சிங். ஜலந்தர் ஜில்லாவில் சீச்சேவால் என்ற கிராமத்தைச் சேர்ந்தவர். ஊர்ப் பெயரே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது. 1962-இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் துறவறம் பூண்டார். ஆசிரமத்தில் அமர்ந்து உபதேசம் செய்வதைவிட, ரோடு போடுவதிலே அவருக்கு ருசி அதிகம். வழியில்லாத கிராமங்களுக்கு ஜனங்களைக் கூட்டி மண் சாலை அமைத்துக் கொடுத்தவர் என்று அந்த வட்டாரத்தில் அப்போதே பெயர் இருந்தது. ஆகையால் இந்த மனிதர் மண்வெட்டியைத் தூக்கினால் வேலை முடியாமல் கீழே வைக்க மாட்டார் என்று ஜனங்களுக்குத் தெரியும்.

இங்கே 'கார் சேவை' என்ற வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையால் செய்யும் தொண்டு என்பது அதன் பொருள். அமிர்தசரஸ் பொற்கோயில் குளத்தில் தூர் வாருவதற்குச் சீக்கியர்கள் கூலியாட்களை வைப்பதில்லை. 1923-இலும், 1973-இலும், 2004-இலும் அந்தக் குளத்தைத் தூர் எடுத்தபோது, பணக்காரர், ஏழை, உத்தியோகஸ்தர், குடியானவர் என்ற பேதமின்றிச் சேற்றைத் தலையில் சுமந்து கொட்டினார்கள். அந்தச் சேற்றைச் சுமப்பதே ஒரு பாக்கியம் என்பது அவர்கள் நம்பிக்கை. தமிழ்நாட்டில் ஏரி, வாய்க்கால்களுக்குக் குடிமராமத்து என்று ஊர் கூடி உழைத்த வழக்கமும், கோயில்களில் உழவாரப் பணியும் இருந்தன அல்லவா? அந்த இரண்டையும் சேர்த்துக் குழைத்தாற்போன்றது கார் சேவை. கோயில் குளத்துக்குச் செய்யும் சேவையை, குரு மூழ்கிய ஓடைக்கும் செய்வோம் என்றார் சீச்சேவால். ஜனங்களுக்கு விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. சுற்றுச்சூழல் என்றும் மாசுக் கட்டுப்பாடு என்றும் பேசியிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்களோ!

ஆனாலும் முதல் நாளே கூட்டம் கூடிவிடவில்லை. சீடர்கள் ஒரு கைப்பிடிதான். ஒருவன் தன்னுடைய கழிவையே போய் அள்ளுவதென்றால் மனம் கூசத்தான் செய்யும். சந்த் அவர்களே இடுப்பளவு சாக்கடையில் நின்று செடியைப் பிடுங்குவதைப் பார்த்த பிறகு கரையில் நின்றவர்களுக்கு நிற்கப் பிடிக்கவில்லை. ஊர் ஊராகப் போய், எதற்காக இந்த வேலை என்று விளக்கினார்கள். வாலிபர்கள் வந்தார்கள், பெண்கள் வந்தார்கள், பள்ளிப் பிள்ளைகளும் வந்தார்கள். வேலை உச்சத்தில் இருந்தபோது ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் ஓடைக்குள் நின்றார்கள். கரையிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்து, வரிசையாக உட்கார வைத்து எல்லோருக்கும் ரொட்டியும் பருப்பும் போட்டார்கள். அன்னதானம் சீக்கியர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயம் அல்லவே.

ஒரு கூடை செடியில் முக்கால் கூடைக்கு மேல் தண்ணீர்

வேலையின் கஷ்டம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஆகாயத் தாமரையின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். நீரில் மிதக்கும்போது இலேசாகத் தெரிவது, கரைக்கு இழுக்கும்போது பாறையாகக் கனக்கும். செடிகளின் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஆள் ஏறி நின்றாலும் தாங்கும்போல் திட்டுத் திட்டாகக் கிடக்கும். அவற்றை வெட்டிப் பிரித்து, கயிற்றால் சுற்றிக் கட்டி, கரையில் வரிசையாக நின்று இழுக்க வேண்டும். இழுத்ததைக் கரையோரத்தில் போட்டுவிட்டால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே போய்விடும். ஆகையால் எட்டச் சுமந்துபோய்க் காயப் போட வேண்டும். காய்ந்த பிறகு பார்த்தால் இவ்வளவுக்கா இத்தனை பாடு பட்டோம் என்று தோன்றும்!

செடி போனதும் சேறு. பல வருஷங்களாகப் படிந்த கழிவு மண். அதைக் கூடை கூடையாக வாரிக் கைமாற்றிக் கொடுத்தார்கள். பின்னால் மண் வாரும் இயந்திரங்களும் டிராக்டர்களும் வந்தன. கிராமத்தார் கொடுத்த நன்கொடை ஒரு பக்கம். கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிய தோவாப்காரர்கள் அனுப்பிய பணம் ஒரு பக்கம். தொண்டர்களே இயந்திரங்களை ஓட்டக் கற்றுக்கொண்டார்கள்.

மேல்பகுதியில் சங்கடம் வேறு விதம். ஓடை இருந்த இடமே தெரியவில்லை. பழைய போக்கைக் கண்டுபிடித்து மறுபடியும் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டுகிற இடத்தில் பயிர் நின்றால் பயிர்க்காரர் சும்மா விடுவாரா? சர்க்கார் நீர்நிலையில் ஒரு சாமியார் எப்படிக் கை வைக்கலாம் என்ற கேள்வியும் எழாமல் இல்லை. சீச்சேவால் வழக்குப் பேசுவதைவிட ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்துப் பேசுவதையே பெரும்பாலும் நம்பினார். ஓடை திரும்ப வந்தால் உங்கள் கிணறும் திரும்ப வரும் என்பது அவருடைய வாதம். சதுப்பாகிக் கிடந்த வயல்களில் தண்ணீர் வடிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு வாதத்துக்கு வலு ஏறியது.

ஓடை ஓரத்தில் பாதை போட்டார்கள். வேம்பு, அரசு, நாவல் என்று மரங்கள் நட்டார்கள். சீச்சேவாலில் நாற்றுப் பண்ணை வைத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கன்று கொடுத்தார்கள். மரமும் பாதையும் வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. பாதை இருந்தால் ஆள் நடமாட்டம் இருக்கும். நடமாட்டம் உள்ள கரையில் திருட்டுத்தனமாகக் குப்பை கொட்டவும் முடியாது, ஓர் அடி நகர்ந்து உழவும் முடியாது. சுல்தான்பூர் லோதியில் செங்கல்லால் படித்துறைகள் கட்டியானதும், பல வருஷங்களுக்குப் பிறகு யாத்திரிகர்கள் ஓடையில் இறங்கி நீராடினார்கள்.

சாக்கடைக்கு வேறு வழி

இவ்வளவு செய்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. 40 கிராமங்களின் சாக்கடையை ஓடையில் விடாதே என்றால், எங்கே விடுவது?

ஓடையைச் சுத்தம் செய்யப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை துடைப்பமும் கூடையுமாக இறங்கி, புகைப்படம் எடுத்துக்கொண்டு, மாலையில் வீடு திரும்பிக் குளித்தால், அந்தக் குளித்த தண்ணீர் மறுபடியும் அதே ஓடைக்குத்தான் போகிறது. சீச்சேவால் தமது சொந்தக் கிராமத்தில் இதற்கு ஒரு விடை கண்டார்.

வீடுகளின் கழிவு நீர் முழுவதும் நிலத்தடிக் குழாய்களில் சேர்ந்து ஊருக்கு வெளியே வருகிறது. அங்கே ஒன்றை அடுத்து ஒன்றாகக் கிணறு போன்ற தொட்டிகள். நீர் முதல் தொட்டியில் சுழன்று இறங்கும்போது கனமான கசடு அடியில் தங்கிவிடுகிறது. அடுத்த தொட்டிகளில் மிதக்கும் எண்ணெயும் நுரையும் பிரிகின்றன. பிறகு அகலமான ஒரு குளத்தில் சில நாள் நிற்கிறது. வெயிலும் காற்றும் பாசியும் நுண்ணுயிர்களும் தங்கள் வேலையைச் செய்கின்றன. அதன் பின் மோட்டார் வைத்து இறைத்து, குழாய் வழியாக வயல்களுக்குப் பாய்ச்சுகிறார்கள். வெளிநாட்டு இயந்திரமும் இல்லை, மாதா மாதம் வாங்க வேண்டிய ரசாயனமும் இல்லை. ஓரளவு பழகிய ஆட்கள் கிராமத்திலேயே பார்த்துக் கொள்ளலாம்.

இதில் உள்ள சூட்சுமம் மிகவும் எளிது. ஆகாயத் தாமரையைக் கொழுக்க வைத்தது எது? சாக்கடையில் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும். கோதுமைக்குக் குடியானவர் காசு கொடுத்து மூட்டை மூட்டையாக வாங்கிப் போடுவது எது? அதே தழைச்சத்தும் மணிச்சத்தும்! ஓடையில் விழுந்தால் விஷம். வயலில் விழுந்தால் உரம். கழிவு நீர் பாயும் வயலுக்கு உர மூட்டை குறைவாகப் போதும். குழாய்க் கிணற்றிலிருந்து அவ்வளவுக்கு இறைக்க வேண்டியதும் இல்லை. சாக்கடை ஊருக்குச் சுமையாக இருந்தது போய், எனக்கு விடு, உனக்கு விடு என்று வயல்காரர்கள் கேட்கிற பொருளாக மாறியது. சுத்தமாயிரு என்று ஆயிரம் தரம் உபதேசம் செய்தாலும் கிடைக்காத பலன் இதிலே கிடைத்தது.

ஓடைக் கரையிலும் அதற்கு அப்பாலும் வேறு பல கிராமங்கள் இந்த முறையைக் கைக்கொண்டன. 'சீச்சேவால் முறை' என்று அதற்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது. கங்கைக் கரைக் கிராமங்களிலும் இதைச் செய்து பார்க்கலாமா என்று மத்திய மந்திரிகளும் பிற மாநிலத் தலைவர்களும் அந்தச் சிறிய ஊருக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ராமேசுவரத்திலிருந்து வந்த விருந்தாளி

விருந்தாளிகளில் ஒருவரை மட்டும் இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அப்போது ராஷ்டிரபதியாக இருந்த டாக்டர் அப்துல் கலாம், சுல்தான்பூர் லோதிக்கு நேரில் வந்தார். ராமேசுவரம் தீவில், தீர்த்தமாடும் கூட்டத்துக்கு நடுவிலே பிறந்து வளர்ந்தவர் அவர். நாட்டின் மறு கோடியில் ஒரு தீர்த்தத்தை ஜனங்களே மீட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கரையில் நின்று பார்த்து, தொண்டர்களோடு பேசினார். அந்த வரவுக்குப் பிறகு ஓடையின் பெயர் டில்லி வரையில் தெரிந்தது. சாக்கடையைத் திருப்ப வேண்டும், நகரங்களில் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டும் என்று சர்க்கார் காகிதங்களில் இருந்த விஷயங்களுக்கும் கொஞ்சம் வேகம் பிறந்தது.

2008-இல் அமெரிக்காவின் 'டைம்' பத்திரிகை, உலகச் சுற்றுச்சூழல் வீரர்களின் வரிசையில் சீச்சேவாலைச் சேர்த்தது. 2017-இல் பத்மஸ்ரீ வந்தது. 2022-இல் ராஜ்ய சபை அங்கத்தினர் ஆனார். விருது வந்த கதைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதாம். விருதுக்குப் பிறகு ஓடை என்ன ஆயிற்று என்பதே கேட்க வேண்டிய கதை.

செத்து மிதந்த மீன்கள்

ஓடைக்கு இப்போது வேண்டிய நீரில் பெரும்பகுதி, முக்கேரியன் மின்சார நிலையக் கால்வாயிலிருந்து திறந்து விடப்படும் தண்ணீர். பழைய ஊற்றுக்கள் மட்டும் போதவில்லை. ஆகையால் மேலே யாராவது மதகை மூடிவிட்டால் கீழே ஓட்டம் நின்றுவிடும். நகரங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தும், எல்லா நாளும் எல்லாக் கழிவும் அவற்றின் வழியாகப் போவதில்லை. கோடை ஆரம்பத்தில் இந்த இரண்டும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும்? நீர் தேங்கும், சூடேறும், சாக்கடை கலக்கும், பிராணவாயு தீர்ந்து போகும். பைசாகிப் பண்டிகையை ஒட்டிய நாட்களில், யாத்திரிகர்கள் நீராட வரும் அதே துறையில், ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து வெள்ளை வெளேரென்று மிதந்த சம்பவம் ஒரு தடவைக்கு மேல் நடந்துவிட்டது.

தொண்டர்கள் செத்த மீன்களைக் கூடைகளில் வாரிப் புதைத்தார்கள். அதிகாரிகளிடம் மனுக் கொடுத்தார்கள்; மதகு திறந்தது; சில நாளில் தண்ணீர் ஓடியது. கையால் செய்யக்கூடிய தொண்டுக்கு எல்லை எது என்பதை அந்த மீன்கள் காட்டிவிட்டன. சேற்றை வாரலாம், கரையைக் கட்டலாம், கிராமத்துச் சாக்கடையை வயலுக்குத் திருப்பலாம். மின்சாரக் கால்வாயின் மதகும், நகரசபையின் சுத்திகரிப்பு நிலையமும் தொண்டர் கையில் இல்லை. வேறு ஓர் அறையில், வேறு ஒரு நாற்காலியில் இருப்பவர் கையில் இருக்கின்றன. துறவியாக இருந்த சீச்சேவால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அங்கத்தினராகவும், பிறகு ராஜ்ய சபைக்கும் சென்றதைப் பற்றி விமரிசனம் செய்தவர்கள் உண்டு. அந்த நாற்காலிகளோடு மல்லுக்கு நின்று பார்த்தவருக்கு, அவற்றில் உட்கார்ந்தும் பார்க்கலாமே என்று தோன்றியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஹரிக்கேயில் காலி பேயின் போய்ச் சேரும் அதே சங்கமத்துக்கு, சட்லெஜ் வழியாக இன்னொரு கறுப்பு நீரும் வந்து சேருகிறது. லூதியானா நகரின் நடுவே சுமார் 14 கிலோ மீட்டர் ஓடும் 'புட்டா நாலா'. சாயப் பட்டறைகளின் கழிவும், மாட்டுப் பண்ணைகளின் சாணமும், நகரத்துச் சாக்கடையும் கலந்த நீர் அது. ஹரிக்கேயிலிருந்து கால்வாய்கள் தென் பஞ்சாபுக்கும் ராஜஸ்தானத்துக்கும் போகின்றன. அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஜனங்களும் இருக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டு தொடக்கத்தில் சீச்சேவாலும் தொண்டர்களும் அங்கேயும் இறங்கினார்கள். குப்பையை அள்ளினார்கள், கரையில் பாதை போட்டார்கள், மரம் நட்டார்கள். ஆனால் இது கிராமத்துச் சாக்கடை அல்ல. சாயக் கழிவை வயலுக்குப் பாய்ச்ச முடியாது. எந்தக் கோதுமையும் அதைத் தின்று தீர்க்காது. அந்த ஆண்டின் முடிவில், ஆலைக் கழிவை நிறுத்தக் கோரி ஜனங்கள் லூதியானாவில் போராட்டத்தில் இறங்கினார்கள். சுல்தான்பூரில் பலித்த வைத்தியம் லூதியானாவில் அப்படியே பலிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

கபூர்தலாவுக்குப் பக்கத்தில் காஞ்ச்லி என்று ஓர் இடம். 1870-இல் அந்தச் சமஸ்தானத்து மகாராஜா ரண்தீர் சிங், காலி பேயினின் குறுக்கே தடுப்புக் கட்டியதால் உண்டான நீர்ப்பரப்பு அது. பறவைகள் வந்து தங்குவதால், ராம்சார் ஒப்பந்தப் பட்டியலில் 2002-இல் சேர்க்கப்பட்டது. ஒரு தடவை சுத்தமான அந்த நீர்ப்பரப்பை ஆகாயத் தாமரை மறுபடியும் மூடியது. ஆகாயத் தாமரையின் விதை, சேற்றுக்குள் 15, 20 வருஷம்கூட உயிரோடு காத்திருக்கும். 2000-ஆம் ஆண்டில் இடுப்பளவு நீரில் நின்று பிடுங்கிய செடிகள் உதிர்த்துவிட்டுப் போன விதையாகவும் இருக்கலாம். சீச்சேவாலின் தொண்டர்கள் படகும் கயிறும் எடுத்துக்கொண்டு அங்கேயும் இறங்கினார்கள். வெட்டிப் பிரித்த செடியைக் கயிற்றால் சுற்றிக் கட்டி, கரையில் வரிசையாக நின்று இழுத்தார்கள்.